செந்துளிர்ப் பனைகள்: கேட்டதும் சொன்னதும்

குருத்து சிவப்பாக விரியும் அழகுப் பனைகளைப் பற்றி மட்டும் இன்றைக்குக் கேளுங்கள். ரோஜா, குரோட்டன்ஸ் வேண்டாம். உங்கள் போர்த் தண்ணியின் டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கிறது என்ற அளவு) தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.

கானாடுகாத்தான்: அண்ணே, வளவு முற்றத்தில் ஃபிளேம் த்ரோயர் பாம் வைக்க ஆசை. நம்ம வெயிலுக்கு நிற்குமா? தண்ணி டிடிஎஸ் 1400.

வெயிலை ஒரு மாதிரி சமாளிக்கலாம். இந்தத் தண்ணியைத்தான் சமாளிக்க முடியாது. அதன் பெயர் சாம்பெய்ரோனியா மேக்ரோகார்பா, சொந்த ஊர் நியூ கலிடோனியாத் தீவின் மழைக்காடு. வேர் காயக்கூடாது, உப்பும் சுண்ணாம்பும் ஆகாது. நம்ம போர்த் தண்ணியில் இரண்டும் உண்டு.

கல் பாவிய முற்றத்தைப் பெயர்க்க வேண்டாம், தொட்டியில் வையுங்கள். ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழம், அடியில் நாலைந்து ஓட்டை. கலவைக்கு, நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவு 2 பங்கு, மக்கின இலை எரு 1, செம்மண் 1, பெருமணல் 1. நார்க்கழிவை மூன்று தடவையாவது ஊற வைத்துப் பிழிந்து கொட்டுங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

மேற்குத் தாழ்வாரத்தை ஒட்டி வைத்தால் காலை வெயில் விழும், உச்சிக்குப் பிறகு கூரை நிழல் கொடுக்கும். சித்திரை, வைகாசியில் தரைக்கல் கொதிக்கும். தொட்டியை நேராகக் கல் மேல் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி, சுற்றிலும் ஈரச் சாக்குக் கட்டுங்கள். தண்ணிக்கு ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்துக் கூரை வடியும் மழையைப் பிடித்து வையுங்கள். அண்டா, கிடாரமெல்லாம் பரணில் சும்மாதானே கிடக்கிறது.

ஒன்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஓர் ஓலை சிவப்பாக நிற்பது ஏறக்குறைய 10 நாள். பிறகு செம்பு நிறம், அப்புறம் பச்சை. வருஷத்துக்கு இரண்டு மூன்று ஓலைதான் விடும். ஆக 365 நாளில் ஒரு மாதம் சிவப்புப் பார்த்தால் பெரிது.

காரைக்குடி: அந்தச் சிவப்பு ஏன் வருகிறது? உரம் போட்டுக் கூட்ட முடியுமா?

மாந்தளிர் ஏன் சிவக்கிறதோ அதே காரணம்தான். பச்சையம் சேருமுன் இளம் ஓலையை வெயில் சுடாமல் காப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி. உரத்தால் கூடாது. "கலர் டானிக்" என்று யாராவது விற்றால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாச்சியாபுரம்: வாங்கி இரண்டு வருஷமாச்சு, இன்னும் பச்சையாகவே விரிகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பொறுங்கள். சின்னக் கன்று பச்சையாக விடுவது சகஜம், மரம் பிடித்த பிறகுதான் நிறம் தெளியும். எல்லாம் விதையில் வருவதால் ஒன்று ரத்தச் சிவப்பாக விடும், இன்னொன்று வெளிறின செம்போடு நின்றுவிடும். நிறம் நிச்சயம் வேண்டுமென்றால் சிவந்த ஓலை விட்டு நிற்கும் கன்றைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

விரியாத குருத்தை விரலால் பிரித்துப் பார்க்காதீர்கள். பனைக்கு ஒரே முளை. அது போனால் மரமே போச்சு.

தேவகோட்டை: தென்னங்குழிக்கு 2 கிலோ கல்லுப்புப் போடுவோமே, இதுவும் பனை ஜாதிதானே? போடலாமா?

கூடாது.

மறுபடி தேவகோட்டை: ஒரே வார்த்தையில் முடித்தால் எப்படி? செம்புறாங்கல் பூமியில் உப்புப் போட்டால்தான் வேர் இறங்கும். எங்கள் தோப்பே சாட்சி.

தோப்பைக் குறை சொல்லவில்லை. செம்புறாங்கல் குழியில் நடுவதற்குச் சில மாதம் முன்பே உப்பைக் கொட்டினால், மழையில் கரைந்து இறங்கிக் கல் இளகும். தென்னைக்குக் குளோரின் ஒரு சத்தும்கூட. அது கடற்கரை மரம். சாம்பெய்ரோனியா மலைக்காட்டு மரம். மேலும் குழியில் உப்பு கீழே இறங்க வழி உண்டு, தொட்டியில் அங்கேயே சுற்றும்.

பள்ளத்தூர் ஆச்சி: அப்போ சிவப்பு லட்டானியாப் பனை தீவுக்கரை மரம்தானே தம்பி? அதுக்குப் போடலாமில்லையா?

ஆச்சி மடக்கிவிட்டீர்கள். லட்டானியா உப்பைத் தாங்கும், உண்மைதான். ஆனால் தாங்குவது வேறு, கேட்பது வேறு. கணக்குப் பாருங்கள். டிடிஎஸ் 1500 உள்ள தண்ணி தினம் 10 லிட்டர் ஊற்றினால் 15 கிராம் உப்புகள் மண்ணில் சேரும், மாதம் 450 கிராம். நாலரை மாதத்தில் 2 கிலோ தானாக வந்துவிடுகிறது. அத்தனையும் சோற்றுப்பு இல்லை, சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்தது. ஆனாலும் மேலே ஒரு பிடி போட யாருக்கு மனசு வரும்?

மறுபடி தேவகோட்டை: கணக்கு சரி. தோப்புக்கு நான் போடுவேன்.

தாராளமாகப் போடுங்கள். தொட்டிக்கு வேண்டாம்.

கோட்டையூர்: முகப்புக்கு முன்னால் முழு வெயில். எது வைக்கலாம்?

ஆச்சி சொன்ன லட்டானியாதான். லட்டானியா லொண்டரோய்டஸ், ரீயூனியன் தீவு மரம். விசிறி ஓலை, இளம் வயதில் மட்டையும் ஓலை நரம்பும் விளிம்பும் சிவப்பு. நம்ம வெயிலுக்கும் செம்மண்ணுக்கும் இதைவிடத் தோதானது சொல்லத் தெரியவில்லை. வளர வளர நிறம் மங்கிச் சாம்பல் பச்சையாகும். ஆண், பெண் மரம் தனித்தனி. வேரைக் கலைத்தால் கோபித்துக்கொள்ளும், அதனால் பையைக் கிழித்து மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். சுவரிலிருந்து 10 அடி தள்ளி நடுங்கள்.

ஆத்தங்குடி: புது ஓலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது.

இரும்புச் சத்துக் குறை. பழைய வீட்டுச் சுவரோரம் நட்டீர்களா? இடிந்த காரை, சுண்ணாம்பு மண்ணில் கலந்திருக்கும். ஒரு கரண்டி மண்ணை எடுத்து வினிகர் விடுங்கள். பொசுபொசுவென்று நுரைத்தால் சுண்ணாம்புதான். அந்த மண்ணில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டாலும் வேர் எடுக்காது. சுண்ணாம்பு மண்ணிலும் வேர் எடுக்கும் இ.டி.டி.ஹெச்.ஏ. வகை இரும்பு கேட்டு வாங்கி, லிட்டருக்கு 1 கிராம் கரைத்து வேரில் ஊற்றுங்கள். மஞ்சளான ஓலையைப் பார்க்காதீர்கள், அடுத்த குருத்தைப் பாருங்கள். முடிந்தால் மண்ணையே மாற்றிவிடுங்கள்.

புதுவயல்: லிப்ஸ்டிக் பாம் வைக்கலாமா?

சதுப்பு நிலத்துப் பனை. சிவப்பும் ஓலையில் இல்லை, மட்டையடியில். கால் எப்போதும் மழைத்தண்ணியில் நிற்க வசதியுண்டானால் வையுங்கள்.

குன்றக்குடி: எத்தனை நாளில் சிவப்பு வரும்? தண்ணி டிடிஎஸ் தெரியாது.

நாச்சியாபுரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள்.

செட்டிநாடு: ஓலை கத்தரியால் வெட்டினது மாதிரி முக்கோணமாக விரிகிறது.

காண்டாமிருக வண்டு, குருத்துக்குள் இருக்கும்போதே கடித்தது. துளையில் சக்கை தெரிந்தால் கம்பிக் கொக்கியால் வண்டை இழுத்து எடுங்கள். முளையைக் குத்திவிடாமல், பக்கவாட்டில். பிறகு வேப்பங்கொட்டைத்தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து உள் மட்டை மூன்றின் இடுக்கில் போடுங்கள். தென்னைக்கு 150 கிராம், தொட்டிக் கன்றுக்கு ஒரு பிடி. எருக்குழியைக் கிளறினால் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும், பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். தோப்பு பக்கத்தில் இருந்தால் ஆமணக்குப் பிண்ணாக்கு 1 கிலோவை 5 லிட்டர் தண்ணியில் ஊற வைத்துச் சட்டிகளில் வையுங்கள், வண்டு வந்து விழும்.

காரைக்குடி (இன்னொருவர்): சிவப்பு எத்தனை நாளில்...

மேலே.

பள்ளத்தூர் ஆச்சி: கிடாரத்தில் மழைத்தண்ணி பிடித்தால் கொசு வருமே தம்பி?

வெள்ளை வேட்டியை இரட்டையாக மடித்து வாயில் இறுக்கிக் கட்டுங்கள் ஆச்சி. கிடாரம் ஈயம் பூசினதா என்று பாருங்கள். பூச்சுப் போன செம்பில் மாதக்கணக்காகத் தேக்கின தண்ணி வேண்டாம், பிளாஸ்டிக் டிரம் போதும்.