கச்சானில் விட்ட படகு

அன்புள்ள ஐயா,

என் ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். இப்போது கோயம்புத்தூரில் வேலை. கோடை விடுமுறைக்கு ஒன்பது வயது மகளையும் ஆறு வயது மகனையும் அம்மா வீட்டில் விட்டிருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அண்ணனும் வீட்டில் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்கிறார். காலையில் கடற்கரைக்குப் போனால், சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லையாம். கவலையே இல்லாமல் விளையாடுகிறார்கள். வெயிலில் கறுத்துவிட்டார்கள், அபாகஸ் வகுப்பும் விட்டுப்போகிறது. ஆனாலும் அண்ணன் அனுப்பும் வீடியோவைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. பெற்றோராகிய நாங்கள் இவர்களிடமிருந்து கற்க வேண்டியது என்ன?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கறுத்த நிறம் பள்ளி திறந்த சில வாரங்களில் தெளிந்துவிடும். அபாகஸைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ‘கவலையே இல்லாமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது.

பத்து நாளைக்கு முன் நானும் உங்கள் ஊர் வடகடல் கரையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆறேழு பிள்ளைகள் செருப்புப் படகு செய்துகொண்டிருந்தார்கள். கரை ஒதுங்கிய ரப்பர் செருப்பு, வார் போன ஓட்டையில் ஈர்க்குப் பாய்மரம், பிஸ்கட் உறையில் பாய். தண்ணீரில் விட்டதும் சாய்ந்தது. அடியில் ஆணி குத்தினார்கள். குதிகால் பக்கம் அமிழ்ந்தது. ஆணியைப் பிடுங்கி முன்னால் குத்தினார்கள். யார் விடுவது என்று சண்டை. ஒரு சிறுமி இனி வரவே மாட்டேன் என்று போனாள். கொஞ்ச நேரத்தில் வேறொரு ஆணியோடு வந்து நின்றாள்.

அந்த முகங்களில் கவலை இல்லையா? புதுப்படகு இறக்குகிறவனுக்கு இருக்கும் அத்தனை கவலையும் இருந்தது. ஆனால் அது அந்த ஆணியைப் பற்றிய கவலை, அந்தப் பாயைப் பற்றிய கவலை. அடுத்த தெருப் பையன் எத்தனை படகு செய்தான், நாளைக்கு இது எதற்கு உதவும் என்ற கவலை அங்கே இல்லை. நமக்கோ சோற்றில் கை இருக்கும்போதே மனம் மாதத் தவணையில் கிடக்கிறது. கவலைப்படுவதில் பிழையில்லை, சகோதரி. கையில் இருப்பதை விட்டுவிட்டு, இல்லாததற்குக் கவலைப்படுகிறோம். கற்க வேண்டியது என்ன என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியும் இன்னொரு அபாகஸ் வகுப்புதான்! பிள்ளைகளின் விளையாட்டைப் பிழிந்து சாறெடுத்து ஒரு டம்ளரில் கொடுங்கள் என்கிறீர்கள். நான் கொடுக்க மாட்டேன். கோயம்புத்தூரில் உட்கார்ந்து வீடியோ பார்த்துப் பொறாமைப்பட்டது போதும். நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள். கடல் என்பதால் கரையில் பெரியவர் ஒருவரின் கண் கட்டாயம் வேண்டும். வாய் வேண்டாம்.

உங்கள் அண்ணனைப் பற்றிப் படித்ததும் என் அப்பா நினைவு வந்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பள்ளி விடுமுறையும் அதே சமயம். அந்த நாட்களில் வீட்டில் பணமுடை இருக்கும், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அப்பனும் பிள்ளையும் ஒருசேரக் கரையில் இருப்பது அப்போதுதான். என் சிறுவயதில் தடைக்காலம் கிடையாது. காற்றுதான் தடை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பினால் மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். வாடை வந்தால் அப்படியே தலைகீழ். அதற்கேற்பப் படகுகளைக் கரை மாற்றுவார்கள்.

அப்படி ஒரு வைகாசியில் அப்பா வடகரையில் வத்தை என்னும் மரப்படகைக் கவிழ்த்துப் போட்டுப் பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தார். நான் கல்யாணமுருங்கைக் கட்டையில் செதுக்கிய படகு சாய்ந்துகொண்டே இருந்தது. எத்தனை முறை சாய்ந்ததோ, எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. பாய்மரத்தில் இரண்டு விரற்கடை ஒடித்துப் போட்டு, பாயைக் கீழே இறக்கிக் கட்டித் தண்ணீரில் வைத்தார். கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. படகு நிமிர்ந்து ஓடியது. அவர் பின்னாலேயே போனார். முழங்கால், இடுப்பு, மார்பு. வேட்டி மிதந்தது. வலையும் துடுப்பும் இல்லாமல் வெறுங்கையோடு அவர் கடலில் நின்றதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். படகு புள்ளியாகி மறைந்ததும் நான் அழுதேன். “கச்சானில் விட்டது திரும்பாது. இன்னொன்று செய்” என்றார். ஆனால் அவர் கரைக்கு வரவில்லை. அது போன திசையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பஞ்சு பாதியில் கிடந்தது. மறுநாள் வத்தை இறங்கவில்லை என்று அம்மா வைத வசவு இன்னும் என் காதில் இருக்கிறது.

போகும்போது பிள்ளைகளுக்கு ஒன்றும் வாங்கிப் போக வேண்டாம். செருப்பு கரையிலேயே கிடைக்கும். ஆணிக்கு உங்கள் அண்ணனைக் கேளுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.