காந்தச் சுவர்கள் நகர்வது எப்படி?

கேள்வி: நானோ காந்தக் கம்பியில் பதிந்த தகவலை, கம்பியை அசைக்காமலேயே நகர்த்த முடியுமா?

பதில்: முடியும். தகவல், கம்பியின் பகுதிகளில் காந்தத் திசைகளாகப் பதிந்திருக்கும்; அத்திசை மாறும் இடங்களில் டொமைன் சுவர் என்னும் மெல்லிய எல்லை அமைகிறது. கம்பி நெடுகக் காந்தப்புலத்தைச் செலுத்தினால் அடுத்தடுத்த சுவர்கள் எதிரெதிராக நகர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும். மின்துடிப்பைச் செலுத்தினாலோ, எலெக்ட்ரான்கள் ஸ்பின் (தற்சுழற்சி) என்னும் தம் இயல்பான பண்பின் கோண உந்தத்தைச் சுவர்களுக்கு அளிப்பதால், அவை அனைத்தும் வரிசை குலையாமல் ஒரே திசையில் நகர்கின்றன. ஐபிஎம் நிறுவனத்தில் ஸ்டூவர்ட் பார்க்கின் குழு 2008இல் பெர்மல்லாய் என்னும் நிக்கல்-இரும்புக் கலவைக் கம்பியில் இதைச் செய்துகாட்டியது. என் கணிப்பில், நகர்த்துவதைவிடக் குறித்த இடத்தில் நிறுத்துவதே கடினம். கம்பியின் விளிம்பில் சிறு வெட்டுகள் இருந்தால் சுவர் அங்கே தங்கும். ஆனால் வெட்டு ஆழமானால் அதை விடுவிக்கக் கூடுதல் மின்னோட்டம் தேவைப்பட்டு, கம்பி சூடாகிவிடும்.