முடிச்சூரை மூழ்கடித்தது செம்பரம்பாக்கமா? அடையாறு பற்றிச் சில கேள்விகள்

மழைக்காலம் நெருங்கிவிட்டால் அடையாறு பற்றிய கேள்விகள் வரிசை கட்டிவிடுகின்றன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சிலவற்றை எடுத்திருக்கிறேன்.

2015 வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டுத்தானே எங்களை மூழ்கடித்தார்கள்? (முடிச்சூர் வாசகர்)

கோபம் நியாயம்தான், ஆனால் முடிச்சூர்க்காரர் கேட்டால் வரைபடத்தைத்தான் நீட்ட வேண்டியிருக்கிறது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தக் கூடலுக்கு மேலே இருக்கின்றன. உங்கள் தெருவுக்குள் வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். அந்த ஏரிகளில் ஷட்டரைத் திறந்து வெள்ளம் விடுவதெல்லாம் இல்லை, கலங்கல் (உபரிநீர் வழிந்தோடும் தடுப்பு) மட்டத்தைத் தாண்டினால் தானாக வழியும், யாரிடமும் கேட்காது.

கூடலுக்குக் கீழே இருக்கும் ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் கதை வேறு. டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள், மேலேயிருந்து வந்த ஏரி வெள்ளமும் அதே நேரத்தில் அதோடு சேர்ந்துகொண்டது. அந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சொன்னது. எனவே ஏரியை நிர்வகித்தவர்களைக் கேள்வி கேட்பதில் தப்பில்லை. ஆனால் எல்லாப் பழியையும் ஒரு மதகின் மேல் போட்டுவிட்டால், மேலே வரத்துக் கால்வாயை மறித்துக் கட்டிய அத்தனை பேரும் தப்பித்துவிடுகிறார்கள்.

மழைக்கு முன்பே ஏரியைக் காலி செய்து வைத்தால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3.645 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). மேல் 2 அடியை மட்டும் காலியாக வைத்தால் ஏறக்குறைய அரை டிஎம்சி இடம் கிடைக்கும். வினாடிக்கு 29,000 கன அடி உள்ளே வந்தால் அந்த இடம் ஐந்து மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அற்பம் என்று தள்ளிவிடாதீர்கள், அந்த ஐந்து மணி நேரத்தில் மேலாற்று வெள்ளம் வடிந்துகொண்டிருந்தால் உச்சங்கள் இரண்டும் ஒன்றோடொன்று மோதாது, சைதாப்பேட்டையில் பல வீடுகளுக்குள் தண்ணீர் ஏறாமலே போகலாம். 2020இல் நிவர் புயலின்போது 22 அடியைத் தொட்டதும் வினாடிக்கு 1,000 கன அடியில் தொடங்கிப் படிப்படியாகத் திறந்ததன் தர்க்கம் இதுதான்.

அதற்காகப் பாதி ஏரியைக் காலி செய்யச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதிர்பார்த்த மழை ஆந்திரக் கரைப் பக்கம் நழுவிவிட்டால் அடுத்த கோடையில் என்ன செய்வீர்கள்? 2019இல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. வெள்ளத்துக்கு ஏரி காலியாக இருக்க வேண்டும், குடிநீருக்கு நிறைந்திருக்க வேண்டும். இந்த இழுபறியைக் கொஞ்சமாவது தளர்த்தக்கூடியது நம்பகமான மழை முன்னறிவிப்பு மட்டுமே. அதில் போடும் பணம் புது மதகில் போடுவதைவிட லாபம் என்பேன்.

ஆற்றை நன்றாக ஆழப்படுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

மேலே ஓரளவு உதவும். கடலை ஒட்டிய பகுதியில் வீண். அங்கே படுகை ஏற்கெனவே கடல் மட்டத்தோடு கடல் மட்டமாகக் கிடக்கிறது, இன்னும் தோண்டினால் அந்தக் குழியில் உப்புத் தண்ணீர்தான் வந்து நிற்கும். அங்கே தேவை அகலமும் திறந்த முகத்துவாரமும். கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் முகத்துவாரத்தில் திட்டாகப் படிந்து அடைப்பதால் ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன்பு இயந்திரம் வைத்து வெட்டிவிட வேண்டியிருக்கிறது. மெரினா இவ்வளவு அகலமானதும் இதே மணலால்தான், துறைமுகம் அதை மறித்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனதும் அதனாலேயே.

இரு பக்கமும் உயரமாகக் கான்கிரீட் சுவர் எழுப்பிவிடலாமே?

எழுப்பலாம், சுவருக்கு உள்ளே பெய்யும் மழை எங்கே போகும்? ஆறு நிரம்பி ஓடும்போது வடிகால் வழியாக ஆற்று நீரே ஊருக்குள் திரும்பி வரும். சுவர் கட்டினால் வடிகால் வாயில் ஒருவழிக் கதவும், பக்கத்தில் பம்பும், பம்புக்கு ஜெனரேட்டரும் வேண்டும், இல்லாவிட்டால் நாமே கட்டிய தொட்டிக்குள் உட்கார்ந்திருப்போம். அப்புறம் ஒரு கரையை உயர்த்தினால் எதிர்க்கரைக்காரரும் கீழே இருப்பவரும் உங்கள் பங்கையும் சேர்த்து வாங்குவார்கள்.

சுவர் தரும் தைரியமும் ஆபத்து. நேபாளத்திலிருந்து பீகாருக்கு ஓடும் கோசி நதியின் கரை வினாடிக்கு 9.5 லட்சம் கன அடிக்கு வடிவமைக்கப்பட்டது. 2008 ஆகஸ்டில் நேபாளத்தின் குசஹாவில் அது உடைந்தபோது ஆற்றில் ஓடியது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

நெதர்லாந்துக்காரர்கள் மட்டும் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

1995இல் அங்கே ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். அதன் பிறகு கரையை உயர்த்திக்கொண்டே போவதை விட்டுவிட்டு ஆற்றுக்கு இடம் கொடுக்கத் தொடங்கினார்கள். நைமேகன் நகரத்துக்கு எதிரே கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி ஒரு பக்கக் கால்வாய் வெட்டியதில் வெள்ள மட்டம் சுமார் 35 சென்டிமீட்டர் இறங்கியது. அதற்காகச் சுமார் ஐம்பது வீடுகளை அகற்ற வேண்டியிருந்தது, இழப்பீடு கொடுத்தார்கள். நம் ஊரில் ஆற்றங்கரைக் குடிசைகள்தான் முதலில் போகின்றன, கரையை விழுங்கி நிற்கும் பெரிய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. பொறியியலில் இதற்குத் தீர்வு கிடையாது.

நூறு ஆண்டு வெள்ளம் 2015இல் வந்துவிட்டது, இனி பேரன் காலத்தில்தானே?

இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் பொருள், அடுத்த ஆண்டே வரலாம். 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 26.

வரதராஜபுரம் பக்கம் மனை வாங்கலாமா?

வாங்காதீர்கள் என்று மொத்தமாகச் சொல்ல மாட்டேன், அங்கேயும் மேடு பள்ளம் இருக்கிறது. பத்திரத்தோடு நிற்காமல் அந்தச் சர்வே எண்ணுக்கு வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று பாருங்கள், பக்கத்து எண்கள் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் நில அளவை வரைபடத்தில் தண்ணீர் போகும் திசையையும் பாருங்கள். அப்புறம் தெருவில் பத்தாண்டுக்கு மேல் இருப்பவரிடம் 2015 தண்ணீர்க் கோடு சுவரில் எங்கே நின்றது என்று கேளுங்கள், தரகரிடம் கேட்க வேண்டாம். அதற்கு ஒன்றரை அடி மேலே உங்கள் தரைத்தளம் வரும்படி கட்ட முடியாவிட்டால் வேறு மனை பாருங்கள்.