கேள்வி பதில்: மோட்டாருக்குக் கடிவாளம் போட்டது யார்?

கேள்வி: டெஸ்லா 1888-லேயே ஏ.சி.யில் ஓடும் இண்டக்‌ஷன் மோட்டாருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டாரே, அதன் வேகத்தை இஷ்டத்துக்கு மாற்றும் டிரைவ் மட்டும் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது?

பதில்: டெஸ்லா பெயரை மட்டும் சொன்னால் இத்தாலிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், அவர்கள் நாட்டு இயற்பியலாளர் கலிலியோ ஃபெராரிஸும் தனியாக அதே யோசனைக்கு வந்து சேர்ந்தவர்தான். சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த மோட்டாரின் வேகம் அதற்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு கட்டுண்டது. நான்கு துருவ மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் உள்ளே காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும், சுழலும் பாகமான ரோட்டார் கொஞ்சம் பின்தங்கி ஓடும். அதிர்வெண்ணோ மின்நிலையத்தின் கையில் இருக்கிறது! மின்னழுத்தத்தை மட்டும் குறைத்துப் பார்க்கலாமே என்றால், அது பாதியாகும்போது முறுக்குவிசை கால்வாசிக்கு விழுந்துவிடும், சுமையோடு இருக்கும் மோட்டார் திணறி நின்றுவிடும்.

அதனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டிய இடங்களில் டி.சி. மோட்டார்தான் ராஜா. 1891-ல் வார்ட் லியனார்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் சொன்ன வழி, ஒரு மோட்டாரால் ஜெனரேட்டரைச் சுற்றி, அந்த ஜெனரேட்டரின் காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்து, அதிலிருந்து வரும் மின்சாரத்தால் இன்னொரு மோட்டாரை ஓட்டுவது. ஒன்றை அடக்க இரண்டைக் கூடவே கட்டி மேய்ப்பது மாதிரிதான், ஆனாலும் பல பத்தாண்டுகள் லிஃப்ட்டுகள் இப்படித்தான் ஏறி இறங்கின.

1957-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் தைரிஸ்டர் என்ற குறைக்கடத்திச் சுவிட்சைக் கொண்டுவந்தது. அதன் ஒரு முனையில் சின்னத் துடிப்பு ஒன்று கொடுத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும், ஆனால் அதே முனையைக் கொண்டு மூட முடியாது, மின்னோட்டம் தானாக வற்றினால்தான் மூடும். ஏ.சி.யில் அது ஒவ்வொரு அரைச் சுற்றிலும் வற்றுகிறது, பிரச்சினை இல்லை. டிரைவுக்குள் இருந்துகொண்டு டி.சி.யை வெட்டி வேண்டிய அதிர்வெண்ணில் ஏ.சி. செய்யும் இன்வெர்ட்டரில் அப்படி வற்றாதே, அதை அணைப்பதற்கென்றே கெப்பாசிட்டர், காயில் என்று ஒரு படையைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தில் ஜெயந்த் பாலிகா உருவாக்கிய ஐ.ஜி.பி.டி. என்ற புதுவகைச் சுவிட்ச் வந்து வளர்ந்த பிறகுதான் இந்தத் தொல்லை விட்டது. அதன் கேட் முனையில் மின்னழுத்தம் கொடுத்தால் திறக்கும், எடுத்தால் மூடும், நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை.

ஆனால் என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உச்சம் சுவிட்ச் இல்லை, ஒரு கணக்கு. 1970-ஐ ஒட்டி ஜெர்மனியில் ஹாஸே, பிளாஷ்கே என்ற பொறியாளர்கள் சொன்னது இது: சுழலும் காந்தப்புலத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து பார்த்தால், குழப்பமான ஏ.சி. மின்னோட்டம் இரண்டு அமைதியான பங்குகளாகத் தெரியும், ஒன்று காந்தம் உண்டாக்குகிறது, மற்றது முறுக்குவிசை தருகிறது, இரண்டையும் தனித்தனியாகத் திருகலாம். டி.சி. மோட்டாரின் பெரிய வசதியே அதுதானே? என்ன, இந்தக் கணக்கை விடாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் மலிவான மைக்ரோபிராசசர் வரும்வரை அது பெரும்பாலும் ஆய்வகத்திலேயே காத்திருந்தது.

கேள்வி: பிளக்கில் செருகினால் மின்கட்டணம் குறையும் என்று விற்கும் பெட்டி, நாசா கண்டுபிடிப்பாமே?

பதில்: நாசாவில் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது உண்மை. ஃபிராங்க் நோலா என்ற பொறியாளர் 1977-ல் காப்புரிமை பெற்றார். மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள நேர இடைவெளியைக் கவனித்து, மோட்டார் சுமையில்லாமல் சும்மா ஓடுகிறது என்று தெரிந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்று அது. அடிக்கடி வெறுமனே ஓடும் சிறிய மோட்டாருக்கு உதவும், முழுச் சுமையில் ஓடுவதற்கு ஒரு பயனும் இல்லை. நீங்கள் சொல்லும் பெட்டிகளைப் பிரித்தால் வழக்கமாக இருப்பது ஒரு கெப்பாசிட்டரும் ஒரு விளக்கும். மின்னழுத்தமும் மின்னோட்டமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் திறன் காரணியை (பவர் ஃபாக்டர்) அது கொஞ்சம் திருத்தலாம், ஆனால் வீட்டு மீட்டர் எண்ணுவது யூனிட்டைத்தானே. வாங்காதீர்கள்.

கேள்வி: டிரைவ் போட்ட பிறகு மோட்டார் கீச்சென்று கத்துகிறது. கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. உள்ளே சுவிட்ச் திறந்து மூடும் வேகம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். டிரைவின் அமைப்பில் அதை உயர்த்தினால் சத்தம் அடங்கும், ஆனால் டிரைவ் கூடுதலாகச் சூடாகும். அப்புறம், அந்தக் கீச்சு இல்லாமல் கரகரவென்று அரைக்கிற சத்தம் வந்தால் பேரிங்கைப் பாருங்கள்.