விசாவில் என்ன வேலை எழுதியிருக்கிறது? வெளிநாட்டு வேலை: வாசகர் கேள்வி – பதில்

சிங்கப்பூரில் சூப்பர் மார்க்கெட் வேலை, ஒர்க் பெர்மிட், 1,200 டாலர் சம்பளம் என்று சொல்லி ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்கிறார். ஐ.பி.ஏ. (ஒர்க் பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதம்) வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பியிருக்கிறார். பணம் கட்டலாமா?
– பட்டுக்கோட்டை வாசகர்

கட்டாதீர்கள். அந்த வேலையின் பெயரே இடிக்கிறது. எந்த நாட்டவரை எந்தத் துறையில் ஒர்க் பெர்மிட்டில் எடுக்கலாம் என்பதைச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு, அதாவது எம்.ஓ.எம்., வரையறுத்து வைத்திருக்கிறது. நம்மவர்களுக்குக் கட்டுமானம், ஷிப்யார்டு, பி.சி.எம். என்று சொல்லப்படும் பிராசஸ் துறை ஆகியவை திறந்திருக்கின்றன. சேவைத் துறையிலும் உற்பத்தித் துறையிலும் சமையல்காரர், வெல்டர் போன்ற சில வேலைகள் மட்டும் அடங்கிய ஒரு சிறு பட்டியல் உண்டு. அதில் சேருகிறவருக்கும் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 டாலர் இருக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்குவது அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே இரண்டில் ஒன்று. ஐ.பி.ஏ. போலியாக இருக்கும். இல்லையென்றால் ஐ.பி.ஏ. நிஜம், ஆனால் அதில் எழுதியிருப்பது வேறு வேலை. இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். இறங்கிய மறுநாள் லாரியில் ஏற்றி ஷிப்யார்டில் விட்டபிறகுதான் விஷயம் புரியும். “கார்டில் அப்படித்தான் இருக்கும், நீ கடையில் நில்” என்று யாராவது சமாதானம் சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். செல்லுபடியாகும் பாஸ் இல்லாமல் வேலை பார்த்துப் பிடிபட்டால் தொழிலாளிக்கே 20,000 டாலர் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம்; எல்லாப் பக்கமும் உள்ள பி.டி.எஃப். கேளுங்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தொழிலாளியின் தாய்மொழிப் பிரதியையும் முதலாளி அனுப்ப வேண்டும் என்பது விதி, அதனால் தமிழ்ப் பிரதியும் கேட்கலாம். சரிபார்க்க ஏஜென்ட் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள். ‘கவ் டாட் எஸ்ஜி’ என்று முடியும் எம்.ஓ.எம். தளத்துக்கு நீங்களே போனால் விண்ணப்ப நிலை பார்க்கும் பகுதி இருக்கிறது.

அடுத்து 1,200 டாலர். ஐ.பி.ஏ.வில் அடிப்படைச் சம்பளம், நிலையான படி, பிடித்தம் எல்லாம் தனித்தனி வரியில் இருக்கும். ‘பேசிக் 18’ வேலை என்றால் நாளுக்கு 18 டாலர், 26 நாளுக்கு 468. அதை 12-ஆல் பெருக்கி 2,288-ஆல் வகுத்தால் (வாரம் 44 மணி, 52 வாரம்) மணிக்கு 2.45 டாலர். ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, 3.68. மாதம் 72 மணிக்கு மேல் ஓ.டி. கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அந்த 72-ஐயும் பார்த்தால் 265 டாலர். நாலு ஞாயிறும் முதலாளி கூப்பிட்டு முழுநாள் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம், 144. எல்லாம் சேர்த்து 877. சாப்பாடு இன்னும் கழியவில்லை. உங்கள் ஐ.பி.ஏ.வில் உள்ள பேசிக்கை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஏஜென்ட் சொன்னது எவ்வளவு ஊதிய பலூன் என்று தெரியும்.

ஐ.பி.ஏ.வில் எழுதிய சம்பளத்தை உங்கள் எழுத்துபூர்வ சம்மதமும் எம்.ஓ.எம்.முக்குத் தகவலும் இல்லாமல் குறைக்க முடியாது. போய் இறங்கியதும் ஒரு கட்டுத் தாளை நீட்டி “சும்மா ஃபார்மாலிட்டி” என்று கையெழுத்து வாங்குவது அந்தச் சம்மதத்துக்காகவும் இருக்கலாம். படிக்காமல் போடாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். சிங்கப்பூர் ஏஜென்சி வாங்கக்கூடியது ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் 35,400. ஸ்கில் டெஸ்ட் பயிற்சி, தேர்வுக் கட்டணம் தனி. அதற்குத் தனி ரசீது உண்டு. இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் மூன்றரை லட்சம் வராது.

சிங்கப்பூரில் எஸ் பாஸ் (ஒர்க் பெர்மிட்டுக்கு மேல்நிலை வேலை அனுமதி) வேலை. சம்பளம் 3,300 டாலர் என்று பேப்பரில் போட்டு, மாதம் 1,000 டாலரைக் கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். எல்லோரும் செய்வதுதானாமே?
– திருச்சி வாசகர்

எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் 3,300 டாலர்; வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறும். ஒவ்வோர் எஸ் பாஸுக்கும் முதலாளி மாதம் 650 டாலர் லெவி, அதாவது அரசுக்கான வரி, கட்ட வேண்டும். அதைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. கட்டுவதற்கு இவர்கள் கண்டுபிடித்த வழிதான் இந்தத் ‘திருப்பிக் கொடுப்பது’. வேலைக்காகப் பணம் வாங்கும் முதலாளிக்கு 30,000 டாலர் வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. சம்பளத்தைப் பொய்யாகக் காட்டுவது தெரிந்தே நீங்களும் ஒத்துப்போனால் உங்களுக்கும் சிக்கல். மறுபடி சிங்கப்பூர் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் ஏ.டி.எம்.மில் எடுத்த தேதி, தொகை, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சம்பள வழக்கை வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள், வேலையை விட்டபின் ஆறு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

எட்டாவது வரை படித்திருக்கிறேன், ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட். சவூதிக்கு ‘ஆசாத் விசா’ ஒன்றரை லட்சத்துக்குக் கிடைக்கிறது. போய் எந்த வேலை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.
– பரமக்குடி வாசகர்

ஆசாத் விசா என்று ஒரு விசா சவூதியில் கிடையாது. ஒவ்வொரு வேலை விசாவும் ஒரு கஃபீலின், அதாவது ஸ்பான்சர் செய்யும் முதலாளியின், பெயரில்தான் வரும். அங்கே தங்குவதற்கான அட்டையான இக்காமாவும் அவர் பெயரில்தான். ஆசாத் என்பது அந்தக் கஃபீல் காசு வாங்கிக்கொண்டு பெயரைக் கொடுப்பது, நீங்கள் வெளியே போய் வேறொருவரிடம் வேலை பார்ப்பது. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. முதல் வருடம் சுகமாகத்தான் போகும். இக்காமா புதுப்பிக்கும்போது கஃபீல் கை நீட்டுவார். கொடுக்கவில்லையென்றால் ‘ஹுரூப்’, அதாவது ஓடிப்போனவன் என்று கணினியில் ஒரு பதிவு. அதன்பிறகு வங்கி, மருத்துவமனை, ஊர் திரும்புவது எல்லாமே தடங்கல். வெளியே வேலை கொடுத்தவர் சம்பளம் தராவிட்டால் புகார் சொல்லவும் முடியாது, நீங்கள் அவருடைய ஆளே இல்லையே.

ஒழுங்கான வழி இதுதான். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர் வளைகுடா நாடுகள் ஆறு, மலேசியா, தாய்லாந்து, ஜோர்டான், லெபனான் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். (சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை.) விசா, வேலை ஒப்பந்தம், காப்பீடு மூன்றும் இந்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் ஏறும்; சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் பார்த்து அனுமதி கொடுக்கும். காப்பீட்டின் பெயர் பிரவாசி பாரதிய பீமா யோஜனா. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். ஆசாத் விசாவில் போகிறவர் தொலைப்பதில் இதுவும் சேரும்: ஒப்பந்தத்தில் ஒரு வேலை, கையில் வேறு வேலை என்றால் விபத்து நடக்கும் நாளில் எந்தக் காகிதமும் பொருந்தி வராது.

ஏஜென்ட்டின் உரிம எண்ணை அதே தளத்தில் தேடுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். “நான் மும்பை கம்பெனியோட சப்-ஏஜென்ட்” என்பவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

விசாவில் தொழிலின் பெயர் அரபியில் இருக்கும். ‘சாயிக் காஸ்’ என்றால் வீட்டு டிரைவர். கம்பெனித் தொழிலாளிக்கான சட்டம் அவருக்குப் பொருந்தாது, வீட்டு வேலைக்கான தனி விதிகள்தான். ‘ராயி’ என்றால் ஆடு, ஒட்டகம் மேய்ப்பவர். டிரைவர் வேலை என்று கிளம்பிப் பாலைவனத்தில் பட்டியில் கிடக்கிறவர்களின் விசாவில் பெரும்பாலும் அது முதலிலேயே எழுதித்தான் இருந்திருக்கும். ஊர்ப் பள்ளிவாசலில் அரபி தெரிந்த ஒருவரிடம் காட்டினால் ஒரு நிமிட வேலை.

இன்னொன்று: உங்களுக்கு 50 வயது தாண்டியிருந்தாலோ, வெளிநாட்டில் மொத்தம் மூன்று ஆண்டுக்கு மேல் இருந்திருந்தாலோ, தனித்தேர்வில் பத்தாவது தேறியிருந்தாலோ ஈ.சி.ஆர். நீக்கி பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளலாம்.

துபாய்க்கு விசிட் விசாவில் போய், அங்கேயே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாமா?
– கடலூர் வாசகர்

போய் வேலை தேடுவது குற்றமில்லை. கம்பெனி கிடைத்தால் நாட்டை விட்டு வெளியே வராமலே விசா நிலையை மாற்றவும் முடியும். ஆனால் ஒர்க் பெர்மிட் கைக்கு வரும்முன் ஒரு நாள் வேலை பார்த்தாலும் தப்பு. “ஒரு மாதம் ட்ரையல் பார், பிறகு விசா போடுகிறேன்” என்று நீட்டி, விசிட் முடிகிற வாரத்தில் கைகழுவும் கூட்டம் நிறைய. விசா முடிந்தபின் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம் உங்கள் கணக்கில்தான் ஏறும். 2024-இல் சட்டத்தைத் திருத்தி, பெர்மிட் இல்லாமல் ஆள் வைத்தால் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அதனால் நல்ல கம்பெனி எதுவும் இந்த ட்ரையல் விளையாட்டுக்கு வராது.

ஆஃபர் லெட்டர், பெர்மிட், மருத்துவப் பரிசோதனை, எமிரேட்ஸ் ஐ.டி. என்ற வரிசையில் வர வேண்டும். ஆள் எடுக்கும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. ‘விசா காசு’ என்று சம்பளத்தில் பிடித்தால் அது சட்டமீறல். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ளவர்கள் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம். திரும்பும் டிக்கெட், தங்குமிடம் இவற்றைக் கேட்டுத் துருவி, பதில் தடுமாறினால் சென்னையிலேயே ஆஃப்லோடு செய்து, விமானம் ஏறவிடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என் தங்கைக்கு 27 வயது, ஈ.சி.ஆர். பாஸ்போர்ட். குவைத்தில் வீட்டு வேலை; முதலில் துபாய்க்கு விசிட்டில் அனுப்பி, அங்கிருந்து குவைத் போகலாம் என்கிறார் ஏஜென்ட்.
– விழுப்புரம் வாசகர்

அனுப்பாதீர்கள். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்ணுக்கு 30 வயது நிறையாமல் மேலே சொன்ன 18 நாடுகளுக்கு வேலை அனுமதி கிடையாது. துபாயைச் சுற்றி அனுப்புவது அந்த விதியை ஏய்க்கத்தான். அப்படிப் போனால் இந்திய அரசின் பதிவில் அவர் ஒரு சுற்றுலாப் பயணி. குவைத்தில் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது ஏஜென்ட்டுக்கு மட்டுமே தெரியும். 30 ஆனபிறகும் வீட்டு வேலைக்குத் தனியார் ஏஜென்ட் வழி இல்லை, அரசு நிறுவனம் வழியாகத்தான். தமிழகத்தில் அது சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். குவைத்தில் வீட்டு வேலை விசாவை ‘20-ஆம் நம்பர்’ என்பார்கள், தனியார் கம்பெனி விசா 18. “20-இல் போய் 18-க்கு மாற்றிவிடலாம்” என்ற பேச்சையும் நம்பாதீர்கள்.

ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்ட பெண்கள் இருந்தால் 1800 11 3090 என்ற உதவி எண்ணில் சொல்லலாம். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்திலும் தூதரகத்துக்குப் புகார் போடலாம். பாஸ்போர்ட் நகலும் வீட்டின் லொக்கேஷனும் இருந்தால் வேலை வேகமாக நடக்கும்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000 ரூபாய். டெலிகிராமில் பத்து நிமிட இன்டர்வியூ, டிக்கெட்டும் அவர்களே போடுகிறார்கள்.
– சேலம் வாசகர்

விசா இல்லாமல் சுற்றுலாவுக்கு நுழையலாம் என்ற சலுகையைத்தான் இவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் வேலை பார்க்க முடியாது. பாங்காக்கில் இறங்கியவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடி பக்கம் கொண்டுபோய், சைபர் மோசடி முகாமில் உட்கார வைத்த கதைகளை வெளியுறவு அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. டிக்கெட் இலவசம் என்பதுதான் தூண்டில்.

சவூதி, கத்தார் இரண்டிலும் வேலைக்கு முயல்கிறேன். டிகிரி சான்றிதழுக்கு அட்டஸ்டேஷன் ஒன்றே போதுமா?
– மதுரை வாசகர்

போதாது. சவூதி 2022 டிசம்பரில் அப்போஸ்டில் (தூதரக முத்திரை இல்லாமலே உறுப்பு நாடுகள் ஏற்கும் சான்று) உடன்படிக்கைக்குள் வந்துவிட்டது. மாநில அரசுச் சான்றுக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஒட்டினால் முடிந்தது. கத்தார் அதில் இல்லை, அதனால் கடைசியில் தூதரக முத்திரையும் வேண்டும். அப்போஸ்டில் ஒட்டியதைக் கத்தாருக்குக் கொண்டுபோய்த் திரும்பி வருகிறவர்கள் உண்டு. எந்த நாடு என்று முடிவானபிறகு கொடுங்கள்.

பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான், சர்நேம் இடம் காலி. துபாய்க்குச் சிக்கலா?
– நாகர்கோவில் வாசகர்

இனிஷியல் போடும் நம்மவர்களுக்கே உரிய தலைவலி இது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை விசிட் விசாவில் ஏற்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கிறார்கள் என்று பிறகு தளர்த்தியது. டிக்கெட் போடும்முன் விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். எப்படியும் வேலைக்குப் போவது உறுதி என்றால், மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துத் தந்தை பெயரைச் சர்நேமாக ஏற்றிக்கொள்வது நல்லது. விசா அடித்தபிறகு செய்யாதீர்கள். விசாவில் ஒரு பெயர், புது பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர் என்று ஆகி, முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.