தோரணத்தைத் திரும்பக் கட்டுங்கள்

கேள்வி: ஈசூனில் 1999 முதல் நாலறை வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகளுக்குத் திருமணமாகிவிட்டது. வீட்டை விற்றுவிட்டு, மகள் இருக்கும் செங்காங் பக்கம் மூவறை வீடாகப் பார்க்கலாம் என்று ஏஜண்ட் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தோம். 600,000 வெள்ளிக்குப் போகும் என்றார். வாசலில் இருந்த மாவிலைத் தோரணத்தைக் கழற்றச் சொன்னார். ஆள் வரும் நாளில் தாளிக்க வேண்டாம் என்றார். இரண்டு மாதத்தில் பதினான்கு குடும்பம் வந்தது, பெரும்பாலும் சீனர்கள். இரண்டு குடும்பம் விலை வரை பேசிவிட்டு, "உங்களிடம் வாங்க முடியாதாம்" என்று போய்விட்டது. இப்போது ஓர் இந்தியக் குடும்பம் 560,000-க்குக் கேட்கிறதாம். அவர்கள் பக்கத்தையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். எங்களுக்கு மேல்மாடியில் இருந்த சீனர் அதே அளவு வீட்டைப் போன மாதம்தான் 605,000-க்கு விற்றார். ஏஜண்ட் ஏமாற்றுகிறார், நாமே விற்போம் என்கிறார் என் கணவர். என்ன செய்வது?
- ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: அம்மா, விலை குறைந்ததில் ஏமாற்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை அவர் உங்களிடம் சொல்லவில்லை. உங்கள் புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிரம்பியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

அரசு வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1989-ல் கொண்டுவந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு புளோக்குக்கும் வரம்பு உண்டு. சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவர்களும் சேர்ந்து 15. வட்டாரத்துக்கு இதைவிடச் சற்றுக் குறைவான வரம்பு தனியாக இருக்கிறது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் சீனர் சீனருக்கு விற்கலாம், ஏனென்றால் எண்ணிக்கை மாறாது. நீங்கள் சீனருக்கு விற்றால் ஒன்று கூடிவிடும், அதனால் முடியாது. மேல்மாடிக்காரருக்கு ஊரில் பெரும்பாலானோர் வாங்குபவர்கள். உங்களுக்கோ இந்தியர், மலாய்க்காரர், மற்றவர் மட்டும்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் 45,000 வெள்ளியில் பெரும்பகுதி இங்கேதான் போயிருக்கும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. வீடு பார்க்க வந்த ஒரு சீனப் பெண்மணி, குளிர்பதனப் பெட்டி நுழையுமா என்று சமையலறையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். வெளியே நடைபாதையில் நின்று கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்த கணவர் உள்ளே வந்து காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மா டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பாவம், என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார். ஏஜண்ட் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? சன்னல் வழியே கார் நிறுத்துமிடத்தை!

வீவக தளத்தில் புளோக் எண்ணையும் தெருப் பெயரையும் போட்டால் யார் யாருக்கு விற்கலாம் என்று வந்துவிடும், இரண்டு நிமிட வேலை. மாதத்தின் முதல் நாள் அது புதுப்பிக்கப்படும். ஒரு சீனக் குடும்பம் காலிசெய்து போனால் கதவு திறக்கலாம், அதனால் மாதா மாதம் பாருங்கள். அதோடு நிரந்தரவாசிகளுக்கான ஒதுக்கீட்டையும் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து நிரந்தரவாசம் பெற்றவர்கள்தான் உங்களுக்கு இயல்பான வாங்குபவர்கள். ஆனால் மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்களுக்குப் புளோக்கில் 8 விழுக்காடுதான் இடம். நிரந்தரவாசம் கிடைத்து மூன்றாண்டாவது ஆகியிருக்க வேண்டும். கணவர் சீனர், மனைவி இந்தியர் என்றால் அவர்கள் இந்தியக் குடும்பமாகவும் பதிந்துகொள்ளலாம். இப்படிப்பட்ட தம்பதிகளை உங்கள் ஏஜண்ட் தேடினாரா என்று கேளுங்கள்.

இப்போது அந்த 560,000 விஷயம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரே பரிமாற்றத்தில் ஒரே முகவர் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வேலை செய்யச் சட்டம் இடம் தரவில்லை. உங்களுக்குக் கூடுதல் விலை வாங்கித் தருவதும் அவர்களுக்குக் குறைத்து முடிப்பதும் ஒருவராலேயே எப்படி முடியும்? "அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் யார்?" என்று ஏஜண்டிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால், முகவர்களைப் பதிவுசெய்யும் சிஇஏ மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அவர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அவர் இதுவரை எந்தெந்த வட்டாரத்தில் விற்றுக் கொடுத்திருக்கிறார் என்பதும் தெரியும். புகார் செய்வதும் அங்கேதான்.

கையெழுத்திட்டது தனியுரிமை ஒப்பந்தமா, அதாவது அவர் ஒருவர் மூலம் மட்டுமே விற்பதற்கான ஒப்பந்தமா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் அது மூன்று மாதத்துக்கு மேல் போகாது. அதற்குள் நீங்களே ஆள் பிடித்து விற்றாலும் கமிஷன் தர வேண்டி வரலாம், தாளை எடுத்து நிதானமாகப் படியுங்கள். இன்னும் ஒரு மாதம்தானே, பொறுத்திருங்கள். கமிஷன் இத்தனை என்று சட்டம் எதுவும் நிர்ணயிக்கவில்லை, பேசி முடிவுசெய்வதுதான். பலர் கேட்கும் 2 விழுக்காடு 560,000-க்கு 11,200 வெள்ளி, பொருள் சேவை வரி தனி. பணத்தை ஏஜண்ட் கையில் கொடுக்காதீர்கள், நிறுவனத்துக்குத்தான் செலுத்த வேண்டும். வாங்குபவர் தரும் முன்பணத்தையும் அவர் தொடக்கூடாது.

உங்கள் கணவர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். வீவக தளத்தில் விற்கும் எண்ணத்தைப் பதிந்து, ஏழு நாள் கழித்து வாங்குபவருக்கு ஆப்ஷன் (வாங்கும் உரிமைத் தாள்) கொடுக்கலாம். 2024 முதல் அங்கேயே இலவசமாக விளம்பரமும் போடலாம். தாள் வேலையில் பொறுமை இருந்தால் போதும். ஆனால் ஆள் பிடிப்பது அவர் தலையில் விழும், வீடு பார்க்க வருபவர்களிடம் அவர் சண்டை போடாமல் இருப்பாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எந்த வழியில் போனாலும் முதலில் மத்திய சேமநிதி (மசேநி) கணக்கைப் பாருங்கள். வீட்டுக்காக அதிலிருந்து எடுத்த தொகை 2.5 விழுக்காட்டு வட்டியோடு கணக்கில் திரும்பிப் போகும். 1999 முதல் சேர்ந்த வட்டி சின்னத் தொகையாக இருக்காது. கைக்கு எவ்வளவு வரும் என்று தெரியாமல் செங்காங்கில் வீடு தேடாதீர்கள். எத்தனை முயன்றும் ஒதுக்கீட்டால் விற்க முடியாமல் போனால், நெடுங்கால உரிமையாளர்களிடமிருந்து வீவகவே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி 2022-ல் வந்தது. நிபந்தனைகளை வீவக கிளையில் கேளுங்கள். அது கடைசி வழி, நீங்கள் இன்னும் அங்கே வரவில்லை.

அப்புறம் அந்தத் தோரணம். சீனர்தான் வாங்குவார் என்று நினைத்துக் கழற்றச் சொல்லியிருக்கிறார். வாங்கப்போவது இந்தியக் குடும்பம் என்றால் சாமி மேடைக்கு இடம் இருப்பதும், ஈசூனிலேயே ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இருப்பதும் விளம்பரத்தின் முதல் வரியில் வர வேண்டும். ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்பது பிறகு வரட்டும். மாவிலையைத் திரும்பக் கட்டுங்கள், தாளிப்பதும் தாராளமாகத் தாளியுங்கள். கருவாடு மட்டும் அன்றைக்கு வேண்டாம்.