ஹெட்செட்டில் தெரியும் குறி ஏன் இடம் விலகுகிறது?

கேள்வி: எந்திரப் பாகத்தின் மீது துளையிட வேண்டிய இடங்களைக் காட்டும் செயலி ஒன்றை, ஆக்மென்டட் ரியாலிட்டி (நிஜக் காட்சியின் மீது கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும்) ஹெட்செட்டுக்காக எங்கள் ஆய்வகத்தில் உருவாக்கி வருகிறோம். நான் அணிந்து அளவுத்திருத்தம் செய்தபின் குறிகள் சரியாகப் பொருந்துகின்றன. ஆனால் என் தோழி அணிந்தால் சில மில்லிமீட்டர் தள்ளித் தெரிகின்றன. நான் மேசையருகே குனியும்போதும் அவை விலகுகின்றன. துல்லியத்தை எவ்வாறு மேம்படுத்துவது?
– பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

பதில்: வெளியுலகைக் கண்ணாடியின் ஊடாக நேரடியாகக் காணும் ஹெட்செட்டுகளில், கேமரா பார்ப்பதைக் கருவி அறியும், உங்கள் விழி பார்ப்பதை அறியாது. எனவே அளவுத்திருத்தம் என்பது, திரைக்குப் பின்னால் உங்கள் கண் எங்கே இருக்கிறது என்பதைக் கருவிக்குத் தெரிவிப்பதே ஆகும். வயது வந்தோரின் கண்மணிகளுக்கு இடையிலான தூரம் சராசரியாக 63 மில்லிமீட்டர் என்றாலும், அது ஆளுக்கு ஆள் கணிசமாக வேறுபடும். ஹெட்செட் மூக்கின் மீது அமரும் விதமும் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். ஆகவே உங்களுக்குச் செய்த திருத்தம் உங்கள் தோழிக்குப் பொருந்தாது.

குனியும்போது ஏற்படும் விலகலுக்கும் இதுவே முதற்காரணமாக இருக்கக்கூடும். மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் ஹெட்செட்டில் இருப்பதுபோல உங்கள் கருவியிலும் பிம்பத் தளம், அதாவது திரையின் படம் மிதப்பதுபோல் தோன்றும் இடம், ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். கருவி கணித்த இடத்திலிருந்து உங்கள் கண் பக்கவாட்டில் 4 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், 2 மீட்டரில் உள்ள பொருளின் மீது பிழையே தெரியாது. ஆனால் 50 சென்டிமீட்டரில் உள்ள பொருளின் மீது குறி 3 மில்லிமீட்டர் விலகிவிடும். தொலைவில் சரிபார்த்துவிட்டு அருகில் வேலை செய்பவர்கள் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஆய்வாளர்கள் துசெர்யான், நவாப் இருவரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுத்திருத்த முறையில், திரையில் தெரியும் சிலுவைக் குறியை வெளியுலகில் உள்ள ஒரு புள்ளியோடு பல நிலைகளிலிருந்து பொருத்த வேண்டும். தீர்க்க வேண்டிய மாறிகள் 11. ஒவ்வொரு பொருத்தமும் இரண்டு சமன்பாடுகளைத் தரும் என்பதால் குறைந்தது 6 பொருத்தங்கள் தேவை. கைநடுக்கத்தையும் தலையசைவையும் ஈடுகட்ட, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடுப்பது நல்லது. எண்ணிக்கையைவிட முக்கியமானது பரவல்: எல்லாப் பொருத்தங்களையும் ஒரே தொலைவில் நின்று எடுத்தால், கண்ணின் இடத்தையும் திரையின் அளவையும் கணக்கால் தெளிவாகப் பிரித்தறிய முடியாது. எனவே கை எட்டும் தூரத்திலும் அதற்கு அப்பாலும் நின்று, பார்வைப் புலத்தின் மூலைகளையும் சேர்த்து எடுங்கள். அமர்ந்தபடி தலையைத் தாங்கிக்கொண்டு செய்யுங்கள். உறுதிப்படுத்தும் பொத்தான் ஹெட்செட்டில் இல்லாமல் கையில் இருக்கட்டும்.

2019-இல் வந்த ஹோலோலென்ஸ் 2 போலக் கண்ணைக் கண்காணிக்கும் கேமராக்கள் உங்கள் கருவியிலும் இருந்தால், இந்தச் சிரமம் பெருமளவு குறையும். திரையின் அமைப்பை ஒருமுறை கவனமாக அளந்துவிட்டு, கண்ணின் இடத்தை மட்டும் அணியும்போதெல்லாம் புதுப்பித்துக்கொள்ளலாம். இட்டோ, கிளிங்கர் ஆகியோர் 2014-இல் முன்வைத்த அணுகுமுறை இதுதான். வசதி இருந்தால் இதையே தேர்ந்தெடுங்கள் என்பேன்.

ஆனால் தலை அசைந்தபின் திரையின் படம் மாறுவதற்கு ஆகும் தாமதத்தால் வரும் பிழையை எந்த அளவுத்திருத்தமும் நீக்காது. தலை வினாடிக்கு 100 பாகை வேகத்தில் திரும்பும்போது 10 மில்லிவினாடி தாமதமே 1 பாகை பிழையாகும். 60 சென்டிமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். குனிந்தபின் தலையை அசையாமல் வைத்துப் பாருங்கள். விலகல் மறைந்தால் தாமதமே காரணம். நிலைத்து நின்றால் மேலே சொன்ன கண்ணிடப் பிழையைத் தேடுங்கள். திருத்தத்துக்குப் பயன்படுத்தாத புள்ளிகளில், துளையிடும் அதே தூரத்தில், உங்கள் தோழியையும் அணியச் செய்து விலகலை அளவுகோலால் அளந்து எழுதி வையுங்கள்.